வாரம் ஒருக்கா நைட்ரஜன்

ஜூன் 5, புதன்

கார் வாங்கி ஒன்பது நாள் ஆகிறது. செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் வெள்ளை. கல்யாண புரோக்கர் சொல்லித்தான் வாங்கினேன். "ஊடு இருக்குது, பதினாலு தையல் மெஷினோட சொந்த யூனிட் இருக்குது, எல்லாஞ் சரிதானுங்க. கார் இல்லீன்னா ஜாதகத்தையே கையில வாங்க மாட்டேங்கறாங்க" என்றார். எட்டு வருடமாகப் பெண் பார்க்கிறோம். முப்பத்தெட்டு வயது மாப்பிள்ளைக்குக் கை, கால், கார் மூன்றும் இருக்க வேண்டுமாம்.

இன்று காலை பல்லடம் ரோட்டு பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கப் போனேன். இலவசக் காற்று பிடிக்கும் மூலையில் நீளமான வரிசை. அதற்கு இந்தப் பக்கம் பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு கூண்டு, உள்ளே நைட்ரஜன் மெஷின், வாசலில் ஒரு பெண். சட்டையில் சத்யப்பிரியா என்று பெயர் குத்தியிருந்தது. வரிசை இல்லாததால்தான் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். நமக்கு நாமே எழுதுவதில் எதற்குப் பொய்? வரிசை மட்டும் காரணம் இல்லை.

"முப்பத்திரண்டு பாயிண்ட் வெக்கறனுங்ணா" என்றாள். நாலு சக்கரத்தையும் முடித்து, வால்வுக்குப் பச்சை மூடி போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நைட்ரஜன் சீக்கிரம் எறங்காதுங்ணா. மாசம் ஒருக்கா வந்து அளவு பாத்தாப் போதும்."

மாசம் ஒருக்காவா!

ஜூன் 7, வெள்ளி

லிங்கசாமி பச்சை மூடியைப் பார்த்துவிட்டான். பக்கத்து யூனிட்காரன், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி, தெரியாது என்ற சொல்லே வாயில் வராதவன்.

"ஏண்டா மாப்ள, சும்மா அடிக்கிற காத்துலயே நூத்துக்கு எழுவத்தெட்டு நைட்ரஜன்தான். மிச்சம் இருவத்திரண்டுக்கு ஆசப்பட்டு ஏமாந்துட்டு வந்துருக்கறயே!"

போனில் தேடிப் படித்தேன். இந்தத் தடவை அவன் சொன்னது சரியாக வேறு இருந்து தொலைத்தது. நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாக இறங்கும், டயருக்குள் ஈரம் சேராது. விமானத்துக்கு வேண்டும், பந்தயக் காருக்கு வேண்டும். பொங்கலூருக்கும் திருப்பூருக்கும் நடுவில் நாற்பதில் உருட்டுகிற எனக்கு எதற்கு?

எனக்கு எதற்கு என்று எனக்குத் தெரியும். லிங்கசாமிக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்றாவது என்னிடம் இருக்கிறதே, அந்தச் சந்தோஷத்தில் இரண்டு டீ குடித்தேன்.

ஜூன் 12, புதன்

போனேன். மாசம் வரை யார் காத்திருப்பது?

நாலு டயரிலும் அளவு பார்த்தாள். "அப்படியேதான் இருக்குதுங்ணா. ஒரு பாயிண்ட் கூட எறங்கல. எதுக்கு வந்தீங்க?"

"சும்மா... செக் பண்ணலாம்னு."

"ஒரு வாரத்துல என்னத்தச் செக் பண்றதுங்ணா?" என்று சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். மொத்தம் இரண்டு நிமிஷம். இவ்வளவு தரமான சரக்கை யார் கண்டுபிடித்தது? அவன் மட்டும் கையில் கிடைத்தால்!

ஒன்று கவனித்தேன். கை துடைக்க ஒரு நைலான் கந்தலை வைத்திருக்கிறாள். அது கிரீஸை எடுப்பதே இல்லை, கையெல்லாம் பரப்பிவிடுகிறது. ஊருக்கே பனியன் தைக்கிற திருப்பூரில் இருந்துகொண்டு இந்தக் கொடுமை.

ஜூன் 13, வியாழன்

கட்டிங் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்து நல்ல காட்டன் வேஸ்ட்டாகப் பார்த்து ஒரு பை நிறையப் பொறுக்கினேன். கட்டிங் மாஸ்டர் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

ஜூன் 19, புதன்

செய்துவிட்டேன்! காலையில் யூனிட்டுக்குப் பின்னால் காரை நிறுத்தி, மூடியைக் கழற்றி, வால்வு நடுவில் இருக்கும் பின்னைக் குச்சியால் அமுக்கிக் காற்றை இறக்கினேன். புஸ்ஸென்று ஊரைக் கூட்டுகிறது. சத்தம் வராமல் இருக்கக் கையில் கிடைத்த பனியன் வேஸ்ட்டை வால்வு மேல் பொத்திக்கொண்டேன். முப்பத்தெட்டு வயசு. சொந்தக் கார். சொந்த டயரில் காற்றுத் திருடுகிறேன்.

"இருவத்தாறு! அதெப்படிங்ணா?" என்று அதிர்ந்து போனாள் பாவம். சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு டயராகத் தடவி, எங்காவது குமிழி வருகிறதா என்று குத்தவைத்துப் பார்த்தாள். பக்கெட்டை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம். எட்டு வருடத்தில் எந்தப் பெண்ணோடும் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

வேஸ்ட் பையைக் கொடுத்தேன். இந்த மாதம் எங்கள் யூனிட்டில் ஓடுவது ஜெர்மனிக்காரன் ஆர்டர், குழந்தைகள் டீ-ஷர்ட், கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு. ஃபேன் இறக்கை, டீ கிளாஸ், என் தலைமுடி எல்லாவற்றிலும் அந்த ஆரஞ்சுப் பஞ்சுதான்.

"இது வேஸ்ட்டாங்ணா? இதுல எங்கக்கா மகளுக்குக் கவுனே தெச்சுப்போடலாமே! கிரீஸ் தொடைக்க மனசு வராது" என்று பையைக் கூண்டுக்குள் ஆணியில் மாட்டிவிட்டு மறுபடியும் அந்த நைலான் கந்தலையே எடுத்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போகிறது, அந்த "ங்ணா"வைத் தவிர. டீக்கடைக்காரர், கண்டக்டர், போலீஸ்காரர் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணா என்கிற ஊர்தான் இது. தெரியும். ஆனாலும் அவள் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எனக்கு ஒரு பாயிண்ட் இறங்குகிறது.

ஜூன் 23, ஞாயிறு

தாராபுரத்தில் பெண் பார்த்தோம். பார்த்தோம் என்றால், பெண்ணின் அப்பாவைப் பார்த்தோம். பெண் கனடாவுக்குப் படிக்கப் போகிறதாம், மாப்பிள்ளையும் வர முடியுமா என்று கேட்டார். பதினாலு தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு கனடாவுக்கா? மிக்சரைத் தின்றுவிட்டு எழுந்தோம்.

திரும்பும்போது அம்மா என் ஜாதகத்தை மடிப்பதும் பிரிப்பதுமாகவே வந்தாள். அவிநாசிபாளையம் தாண்டியதும் அதைப் பையில் போட்டுவிட்டுச் சொன்னாள். "இனி யாரு, எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு நான் ஒண்ணுமே கேக்க மாட்டேஞ்சாமி. வந்தாப் போதும்."

அம்மாவுக்காக வருத்தப்பட வேண்டிய நேரம். நான் புதன்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 26, புதன்

இந்த முறை இருபத்தைந்து. நாலு வால்வு பின்னையும் புதிதாக மாற்றினாள். முக்கால் மணி நேரம்!

மடத்துக்குளத்துப் பெண். இங்கே அக்கா வீட்டில் இருக்கிறாள். முப்பத்தொரு வயது. முன்பு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாளாம். "ஆறு வருசம் ஒரே சேர்ல குந்திக்கிட்டுத் துணியில ஓட்டை தேடுனேனுங்ணா. இப்ப டயர்ல தேடறேன். இங்கயாவது எந்திரிச்சு நடக்கலாம்." நைட்ரஜன் மெஷின் வந்தபோது பங்க்கில் யாருக்கும் ஓட்டத் தெரியவில்லை. இவளே கேட்டு கோயமுத்தூர் போய் இரண்டு நாள் பயிற்சி எடுத்து வந்திருக்கிறாள். "இந்தக் கூண்டுக்கு நாந்தாங்ணா மேனேஜர்" என்று மெஷின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்த மெஷின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது என்று எழுதினால் யாராவது நம்புவார்களா?

ஜூலை 3, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

முன் சக்கரத்து மூடியைக் கழற்றினாள். மூடிக்குள் பார்த்தாள். விரலை விட்டு என்னவோ வழித்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரும் கரைக்கவில்லை, பின்னையும் மாற்றவில்லை. காற்றை மட்டும் நிரப்பிவிட்டு எழுந்து கேட்டாள்:

"அடுத்த புதனும் வருவீங்களா?"

"எறங்குனா வருவேன்."

"எறங்குமுங்க."

எறங்குமுங்க! ணா எங்கே? "எறங்குமுங்ணா" என்றல்லவா வந்திருக்க வேண்டும்? அவசரத்தில் விழுங்கிவிட்டாளோ என்று சோதிக்க, "அப்ப நான் கெளம்பட்டுங்களா?" என்றேன். "பாத்துப் போங்க" என்றாள். இதிலும் இல்லை! ஒரே ஒரு எழுத்து. அது காணாமல் போனதற்கு நான் வீடு வரை சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்ற அம்மா, "ஏஞ்சாமி, ஆர்டர் கெடச்சிருச்சா?" என்றாள். "ஆமாம்மா, பெரிய ஆர்டர்" என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

புதன்தோறும் எங்கே போகிறாய் என்று கேட்ட லிங்கசாமியிடம், வாரத்துக்கு ஆறு பாயிண்ட் இறங்குகிறது என்று உளறியிருந்தேன். அவன் எங்கள் யூனிட்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற குரூப். "நைட்ரஜன் புடிக்கிற பெருமக்களே! நம்ம மகுடேஸ்வரன் வண்டி வாரத்துக்கு ஆறு பாயிண்ட் எறங்குது. வாராவாரம் போயிப் புடிச்சிட்டு வர்றான். அந்தப் பங்க்குப் பக்கமே போயிராதீங்க."

நான் இருந்த மிதப்பில் அதற்குக் கட்டை விரல் வேறு தூக்கிவிட்டேன்.

ஜூலை 10, புதன்

இருபத்தாறில் வைத்துக்கொண்டு, தலைக்கு எண்ணெய் எல்லாம் தேய்த்துக்கொண்டு போனேன். கூண்டு முன்னால் ஒரு வண்டி இல்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பங்க் மேனேஜர் பழனிமுத்து நேராக என்னிடம் வந்தார்.

"உங்க வண்டி சமாச்சாரம் ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சுங்க. இந்த வாரம் மூணே வண்டி. மெஷின் சரியில்லைன்னு முடிவு பண்ணிட்டோம். வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரங்க வந்து எடுத்துட்டுப் போறாங்க. மெஷின் போனா இந்தப் புள்ளைக்கும் இங்க வேலை இல்லீங்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன்? "அப்படீங்களா"ன்னேன். அவ்வளவுதான். அப்படீங்களா! வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். வாயில என்ன இருந்துச்சு, மண்ணா? அவ ரெண்டு நாள் கோயமுத்தூர் போயிக் கத்துக்கிட்ட வேல. எந்திரிச்சு நடக்கலாம்னு சொன்னா. என் வெளையாட்டுக்கு அவ பொழப்பு — சீ. நானெல்லாம் ஒரு மனுசனா?

ஜூலை 11, வியாழன்

காலையில் முதல் வேலையாகக் குரூப்பில் எழுதினேன். எழுதியதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"பெரியவர்களுக்கு வணக்கம். என் கார் டயரில் காற்று தானாக இறங்கவில்லை. ஒவ்வொரு வாரமும் வால்வை அமுக்கி இறக்கியது நான்தான். மெஷினிலோ அங்கே வேலை செய்பவர்களிடமோ எந்தத் தப்பும் இல்லை. தப்பு முழுக்க என் கிறுக்குத்தனம். மகுடேஸ்வரன்."

ஐந்து நிமிடத்தில் குரூப்பில் பாதிப் பேர் படித்துவிட்டார்கள். அப்புறம் யாரோ, "ஏனுங்க, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டிருந்தார்.

பங்க்குக்குப் போனேன். பழனிமுத்துவிடம் அவள் எதிரிலேயே சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க?" என்றார். கிறுக்குத்தனமுங்க என்றேன். கம்பெனிக்காரர்களிடம் பேசிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்று ஆபீசுக்குள் போய்விட்டார்.

அவள் அதுவரை காத்திருந்து பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்குத் தெரியுமுங்க. போன வாரமே தெரியும். மூடிக்குள்ளார ஆரஞ்சுப் பஞ்சு. அந்தக் கலரு இந்த ரோட்டுல உங்க கம்பெனியில மட்டுந்தான் ஓடுது. நீங்க குடுத்த துணிய நான் ஒரு நாளும் வண்டியில வெச்சதில்ல. அப்ப அந்தப் பஞ்சு எப்படி வரும்?"

"தெரிஞ்சும் ஏனுங்க சொல்லல?"

"மொதல்ல சிரிப்பா இருந்துச்சு. வாரம் ஒருக்கா நீங்க வர்றது எனக்கும் புடிச்சுத்தான் இருந்துச்சு. பொய் சொல்லல. ஆனா நேத்து அவரு வேலை இல்லைன்னு சொன்னப்ப, நீங்க வாயைத் தொறப்பீங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன். தொறக்கல. நான் சொல்லலாம். ஒரு கஸ்டமரு என்னையப் பாக்கறதுக்குக் காத்தப் புடுங்கிட்டு வர்றாருன்னு சொன்னா, கெட்ட பேரு உங்களுக்கா வரும்? எனக்குத்தானே வரும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு தடவை கூட.

"போங்க. இனி வராதீங்க."

அவளுக்கும் பிடித்திருந்ததாம். அதைக் கேட்ட நாளிலேயே வராதீங்க என்பதையும் கேட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

நேற்று சாயங்காலம் லிங்கசாமி போன் செய்தான். "ஏண்டா மாப்ள, எதுக்குடா?" என்றான். காற்றுக்காக இல்லை என்று மட்டும் சொன்னேன். திடீரென்று, "அடப்பாவி! அந்தக் கூண்டுல நிக்கிற புள்ளையா!" என்று கத்தினான். பாதி சிரிப்பு, பாதி திட்டு. கடைசியில், "நான் வாய வெச்சதுதானே இத்தனைக்கும் காரணம், நானே பாத்துக்கறேன் உடு" என்றான்.

இன்று காலை கம்பெனிக்காரன் வேன் வந்தபோது கூண்டு முன்னால் பதினொரு கார் நின்றது. முதல் கார் லிங்கசாமியுடையது! நைட்ரஜனின் பரம எதிரி, கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நிற்கிறான். பின்னால் காஜா பட்டன்காரர், எலாஸ்டிக் கடைக்காரர், ஸ்டீம் அயர்னிங்காரர். வரக் கூடாது என்று அவள் சொல்லியிருந்ததால் ரோட்டுக்கு எதிர்ப்புற டீக்கடையில் நின்றே பார்த்தேன். வேன் காலியாகத் திரும்பிப் போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, டீ ஆவி என்று துடைத்துக்கொண்டேன்.

லிங்கசாமி ரோட்டைத் தாண்டி வந்து ஒரே புலம்பல். "நைட்ரஜன் நெசமாவே நல்லதாம்மான்னு கேட்டேண்டா. 'பெருசா வித்தியாசம் இல்லீங்ணா, கொஞ்சம் மெதுவா எறங்கும், அவ்வளவுதான். எந்தக் காத்துப் புடிச்சாலும் மாசம் ஒருக்கா அளவு பாக்கறதுதான் முக்கியம்'னு சொல்லுது! இப்படிச் சொன்னா யாவாரம் எப்படிடா ஆகும்? ஆனா எலாஸ்டிக் கடைக்காரரு, உண்மையச் சொல்ற புள்ளைகிட்டத்தான் இனி புடிப்பேன்னுட்டாரு."

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்றேன். இல்லை என்றான்.

ஜூலை 17, புதன்

போகவில்லை. ஆடி பிறந்துவிட்டது.

ஜூலை 24, புதன்

போகவில்லை. போன வாரம் வேறு கடையில் முப்பத்திரண்டு வைத்தது, இன்று அளவு பார்த்தால் அதே முப்பத்திரண்டு. சாதாரணக் காற்றும் இறங்க மாட்டேன் என்கிறது. எல்லாம் கூட்டுச் சதி.

ஜூலை 31, புதன்

போகவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

பேனா எழுதுகிறதா, நான் எழுதுகிறேனா? காலை பத்தே முக்காலுக்குப் போன். புது நம்பர்.

"பங்க்குலிருந்து பேசறனுங்க. நீங்க வந்து மாசம் ஆச்சு. அளவு பாக்க வரலீங்களா?"

"வராதீங்கன்னு..."

"மாசம் ஒருக்கா வரலாமுங்க."

நாற்பதில் போகிறவன் இன்று அறுபதில் போனேன்! நாலு மூடியையும் கழற்றி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அளவு முப்பத்தொன்று. "ஒரு பாயிண்ட் எறங்கியிருக்குது. இது தானா எறங்குனதுதான்" என்றாள். சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கேட்டுவிட்டேன், விட்டால் இன்னொரு எட்டு வருடம் ஆகிவிடும் என்று பயம்.

"உங்க ஊட்டுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் பொண்ணு கேட்டு வரட்டுங்களா?"

"வேண்டாமுங்க." மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்: "இதுவரைக்கும் எத்தன ஊட்டுக்குப் போயிப் பொண்ணு பாத்தீங்க?"

"இருபத்தாறு."

"இருபத்தேழா நான் இருக்க மாட்டேன். நான் வந்து உங்க ஊட்டப் பாக்கறேன். எங்கக்காவோட வர்றேன். புடிச்சாச் சொல்றேன், புடிக்கலைன்னாலும் சொல்றேன்."

யாராவது கேள்விப்பட்டதுண்டா? பெண் வந்து மாப்பிள்ளை பார்ப்பது! யூனிட்டுக்குப் போய்ப் பதினாலு மெஷினையும் நானே துடைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காற்று இறக்கியது உட்பட. "என்ன ஆளு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நானே சொன்னேன். நம் ஆட்கள் இல்லை. மத்தியானம் முழுவதும் கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள்.

சாயங்காலம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "வார்த்தை குடுத்துட்டேன், மாத்திப் பேச மாட்டேன். ஆனா பொம்பளப் புள்ள நம்மளப் பாக்க வந்தா என்ன பண்ணோணும்? பலகாரம் நாம வெக்கறதா, அவங்க கொண்டாருவாங்களா?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. லிங்கசாமியைக் கேட்டோம். அவனுக்கும் தெரியாதாம். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி இரண்டு. பதினொரு மணிக்கு அக்காவோடு ஸ்கூட்டரில் வந்தாள். அம்மா அதிகாலையிலிருந்து பட்டுப்புடவையோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

சத்யப்பிரியா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். யூனிட்டைப் பார்த்தாள். செக்கிங் டேபிளில் இருந்த ஒரு டீ-ஷர்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, தோள்பட்டையில் தையல் விட்டிருப்பதைக் காட்டிவிட்டு ஓரமாக வைத்தாள். அவள் அக்காதான் பேசினார், மெஷின் எத்தனை, கரண்ட் எப்படி, போர் தண்ணீர் உப்பா என்று. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. புடிச்சிருக்கா? இல்லையா? இருபத்தாறு வீட்டுப் பெண்களும் என் எதிரே இப்படித்தான் நின்றார்களா?

எல்லாம் பார்த்து முடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா தூணோரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சத்யப்பிரியா நிமிர்ந்து பார்த்து, "அத்தை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

அம்மா உள்ளே போனாள். வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான் போனேன். குழாயைத் திறந்துவிட்டு சொம்பைப் பிடித்திருந்தாள், சொம்பு நிறைந்து கையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

"அத்தைன்னு கூப்புட்டுச்சே, உனக்குங் கேட்டுதா கண்ணு?"

கேட்டது என்றேன். குழாயை மூடிவிட்டு, தண்ணீரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.